தம்பி பேசிப் பாக்கட்டும்

என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா, அம்மா, பெரியப்பா, வரன் கொண்டுவந்த தரகர், நான் எல்லோரும் இருந்தோம். இல்லாதவர்கள் இருவர். ஒருத்தி என் அக்கா. மதுரையில் துணிக்கடையில் பில் போடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது விடுப்பு? இன்னொருவர், அவளைப் பெண் கேட்டு வந்த ராஜபாண்டி. பேச்சு முழுக்க அந்த இருவரைப் பற்றித்தான்.

நான் அப்போது உளவியல் முதுகலை முதலாண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என்ன படிக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அம்மா தனக்கு விளங்கியபடி "மனசைப் படிக்கிற படிப்பு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். தெருவில் இறங்கினால், "டேய், என் மனசுல இப்ப என்ன ஓடுது, சொல்லு பாப்போம்" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும்... அதையும் மறைக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் பெண் பார்த்துப் போனார்கள்; இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது. ஜாதகமும் பொருந்தியது. அப்போதுதான் பெரியப்பா ஆரம்பித்தார்.

"சோசியக்காரன்கிட்ட காசு குடுத்துக் கேக்குறோம். வீட்டுலயே ஒருத்தன் மனுசனைப் படிக்கிறான். தம்பி ஒருதரம் பேசிப் பாக்கட்டுமே."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அக்காவுக்கும்தான். மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நல்லவராத்தான்டா தெரியுறாரு. இல்ல?"

அந்த "இல்ல?" இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ராஜபாண்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் மோட்டார் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார்த்தி, ஆளுமைச் சோதனையில் வரும் கேள்விகளை நானே தமிழாக்கிக் கேட்டேன். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? கூட்டம் பிடிக்குமா, தனிமையா? மனிதர்களைச் சட்டென்று நம்புவீர்களா?

வேறு ஒருவராக இருந்தால் சிரித்திருப்பார். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார்.

"நம்புறதுன்னா... கடையில கூட்டா இருந்தவன் கம்பியக் கடத்தி வித்துட்டான் மாப்ள. அதுலருந்து எதையும் ரெண்டு தடவை பாத்துக்கிருவேன். உங்க அக்கா விசயம், பொய் சொல்லக் கூடாதுல்ல. அதான் உள்ளதச் சொல்றேன்."

நல்ல மனிதர். அந்தப் பெஞ்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்புட்டுக் கேள்வி கேட்டேன். நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அக்காவின் சம்பளம் யாருக்கு?

என் படிப்புக்குக் கட்டணம் கட்டியது அந்தச் சம்பளம்தான். அப்பா தோட்டத்திலிருந்து பரவை மார்க்கெட்டுக்கு ஏற்றும் காய்கறிக் காசு, வண்டிக்கூலிக்கும் உரக்கடைக்குமே சரியாகப் போய்விடும்.

இப்போது அந்த முன்னறைக்கு வாருங்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசினேன்.

"ஆளு நல்லவருதான். ஆனா அடிமனசுல சந்தேகம் இருக்கு. யாரையும் நம்ப மாட்டாரு. நாளைக்குப் பொண்டாட்டியையும் அப்படித்தான் பாப்பாரு. நாங்க படிச்சிருக்கோம்."

படிச்சிருக்கோமாம்! எந்தப் பாடத்தில்? எந்தப் பக்கத்தில்?

தரகர் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். படித்த பிள்ளை சும்மா சொல்லமாட்டான் என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

அக்கா வேலை முடிந்து வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டாள் அக்கா. பிறகு என்னிடம் வந்து, "நல்லவேளைடா, நீ இருந்த" என்றாள்.

அழுதிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம்... நன்றி சொன்னாள்!

சில நாள் கழித்து வகுப்பில் பேராசிரியர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். மனிதத் தேவைகளின் அடுக்கு. அடியில் சோறு, தண்ணீர், உறக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு. உச்சியில், தான் ஆகக்கூடியதெல்லாம் ஆகிவிட்ட நிறைவு. நானும் பார்த்து வரைந்துகொண்டேன். நான் உச்சிக்கு ஏறுவதற்காக அக்காவை எந்தத் தட்டில் நிறுத்திவைத்தேன்?

மனிதனைச் செலுத்தும் காரணம் பல நேரம் அவனுக்கே தெரியாது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். எவ்வளவு வசதியான பாடம்! அதற்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. எனக்குத் தெரிந்திருந்ததே...

படித்து முடித்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகர் வேலை. பிள்ளைகள் வந்து மனதைத் திறந்து பேசுகிறார்கள். என்னை நம்பி!

எங்கள் வீட்டுக்கு வரன்கள் குறைந்துவிட்டன. மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிற வீடு என்று பேராகிவிட்டது. ஒரு காதுகுத்தில் மாமா ஒருவர் பந்தியில் வைத்தே கேட்டார்: "உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வாரதுன்னா ஹால் டிக்கெட் வேணுமாமே மாப்ள?" எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து இலையில் இருந்த அக்காவும் சிரித்தாள்.

தப்பித் தவறி வருகிற வரனுக்கும் அவள் சொல்வது ஒன்றுதான்: "தம்பி பேசிப் பாக்கட்டும்." போன தையில் வந்தவரைப் பார்த்துவிட்டு, நல்லவர், தாராளமாகக் கட்டிக்கொள் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "உனக்கே உறுதியாத் தெரியல. முகத்துல தெரியுதுல்ல. வேணாம்டா" என்றாள்.

என் முகத்தில் அவள் பார்த்தது வேறொன்று. அது என்னவென்று நான் எப்படிச் சொல்வேன்?

சென்ற ஆண்டு எங்கள் கிணற்று மோட்டார் எரிந்தது. பக்கத்தில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டையிலேயே சரிசெய்திருக்கலாம். நான் அதைத் திருப்பரங்குன்றத்துக்குக் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்கவா? அவர் நன்றாக இருக்கிறார் என்று பார்த்து ஆறுதலடையவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ராஜபாண்டிக்குக் கல்யாணமாகியிருந்தது. முகம் கோணாமல் வரவேற்றார், டீ சொன்னார். மோட்டாரைப் பிரித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் மாப்ள. நான் சந்தேகப் புத்திக்காரன்னு நீ சொன்னதாத் தரகர் சொன்னாரு. அதுலருந்து எனக்கே பயமாப் போச்சு. வீட்டுல அவ போன் பேசுனா எந்திரிச்சு வெளிய வந்துர்றேன். எங்க போற, என்னன்னு ஒரு வார்த்தை கேக்குறதில்ல. கேட்டா அந்தப் புத்தி வந்துருமோன்னு... என்னையப் பத்தி ஒரு நினைப்பே இல்லையான்னு அவ அழுகுறா. இது மாறுமா? நீ படிச்சவன், சொல்லு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் போதும்.

"மாறிரும்ணே" என்றேன்.

அக்காவிடமாவது சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால் என் பாரம் இறங்கும்... அவளுக்கு? ராஜபாண்டிக்கு இன்னொருத்தியோடு கல்யாணமாகிவிட்டது. இத்தனை வருஷமாகத் தன்னைக் காப்பாற்றியதாக அவள் நம்பும் தம்பியும் இல்லாமல் போவான். இப்படி எழுதும்போதே சந்தேகம் வருகிறது. இது அவளுக்காகப் பார்க்கிற இரக்கமா, என் பயம் கற்றுக்கொண்ட இன்னொரு நியாயமா?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் படிப்பில் மீதி இருந்தது இரண்டே பருவங்கள். கடன் வாங்கியிருக்கலாம். வேலை பார்த்துக்கொண்டு படித்திருக்கலாம். இரண்டுக்குமான கட்டணம் இப்போது என் ஒரு மாதச் சம்பளத்தில் அடங்கிவிடும். அன்று அக்காதான் கட்டினாள்.

தேர்வுக் கட்டணமும் சேர்த்து, பதினாறாயிரத்து இருநூறு ரூபாய்.