இரண்டு கப் தீனி

தீனி மூட்டையின் மேல் ஒரு நாயின் படம் இருந்தது. மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவதோடு நின்றவன்.

ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டிய லேஅவுட்டில், ஒரு கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு நான் வாட்ச்மேன். சார் தனி ஆள். அவரும் ஒரு லாப்ரடார் நாயும்தான். கம்பெனி வேலையாக இரண்டு மாதம் வெளிநாடு போகும்போது நாயை என்னிடம் விட்டுப் போனார்.

"காலைல ரெண்டு கப், சாயங்காலம் ரெண்டு கப். வேற எதுவும் குடுக்காதீங்க. கொத்தாயித்தா?"

சார் கன்னடக்காரர். புரிந்ததா என்பதை மட்டும் கன்னடத்தில்தான் கேட்பார். நான் தலையாட்டினேன். ஏன் வேறு எதுவும் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரிய ஆட்களிடம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்க எனக்கு எப்போதுமே வாய் வராது.

அவர் போன அன்றே நாய் தீனியை விட்டது. கேட்டின் அருகே படுத்து ரோட்டையே பார்த்தது. இரண்டு நாளும் தண்ணீர் மட்டும்தான். மூன்றாம் நாள் மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ராகிக் களியும் தண்டுக்கீரைக் குழம்பும். நாய் எழுந்து வந்து பாக்ஸில் மூக்கை வைத்தது. ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவோம். இதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை களியும் கீரையும்தான். உப்புப் போடாமல் தனியாகக் கிண்டித் தரச் சொன்னபோது என் மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"என்னாங்க, எனக்கு வாய்க்கு ருசியா ஒருநாள் கிண்டிக் குடுத்திருப்பீங்களா? மேனேஜர் ஊட்டு நாய்க்கு மட்டும் பத்தியச் சமையலா?"

சிரித்துக்கொண்டே கிண்டினாள். சர்க்கரை வந்தவருக்கும் களி, எலும்பு முறிந்தவருக்கும் களி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் கெடுதல் இருக்கும் என்று நினைக்கவே தோன்றவில்லை. மூட்டையில் இருப்பது பணக்காரர்களை ஏமாற்றும் சரக்கு என்றுகூட நினைத்தேன். ஆனாலும் தினம் நாலு கப் அள்ளி வெளியே தெரு நாய்களுக்குப் போட்டேன். மூட்டை குறைய வேண்டுமே. அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கை கூசியது.

சார் திரும்பி வந்தார். அவர் கையால் போட்டதும் நாய் அதே தீனியை மிச்சம் வைக்காமல் தின்றது.

"பாத்தீங்களா, முடி எப்படி மின்னுது. இந்தத் தீனியோட குணம்," என்றார். நான் கேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து நாய் சுவரோரம் காலைத் தூக்கித் தூக்கி நின்றது. மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தது. ரத்தமும் கலந்திருந்தது. பிடித்துக்கொள்ள என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு சார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "மூத்திரப் பையில மறுபடியும் கல்லு," என்றார்.

மறுபடியும் என்ற சொல்லில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. முன்பே ஒருமுறை ஆபரேஷன் செய்து கல் எடுத்திருக்கிறார்கள். திரும்பவும் வராமல் இருக்கத்தான் அந்தத் தீனி.

"வேற ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"ஒரு வேளை கூட மாறல, டாக்டர். இவர் ரொம்ப கரெக்டான ஆளு," என்று சார் என் தோளைத் தொட்டார்.

"அப்போ இந்தத் தீனி இதுக்குக் கேக்கல. உள்ள வேற வியாதி இருக்கணும். பெங்களூருக்கு எழுதித் தரேன். மயக்கம் குடுத்து ஈரல்ல சதை எடுத்துப் பாக்கணும்."

அவர் எழுத ஆரம்பித்தார். இல்லாத வியாதிக்காக அதை அறுக்கப்போகிறார்கள். நாய் என் முழங்காலில் தலையைச் சாய்த்து நின்றது.

"டாக்டரம்மா, அது தீனி திங்கலீங்க. களி குடுத்தன். கீரையும் குடுத்தன்."

பேனா நின்றது. "எத்தனை நாள்?"

"சார் போன மூணாம் நாள்ல இருந்து. அவர் வர்ற வரைக்கும்."

"மத்த நாய்க்குப் பரவால்ல. கல்லு சேர்ற நாய்க்கு ராகியும் அந்தக் கீரையும் ஆகாது."

"அதனாலதான் வந்துச்சுங்களா?"

"நிச்சயமா அப்படிச் சொல்ல முடியாது. இப்பவாவது சொன்னீங்களே." எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

சார் என்னைப் பார்க்கவில்லை. "அந்தத் தீனி எங்க போச்சு?"

"தெரு நாய்ங்களுக்குப் போட்டன், சார்."

"அப்போ நம்ம தெருவுல எந்த நாய்க்கும் கல்லு வராது," என்றார். அவர் சிரிக்கவில்லை.

அங்கேயே கல்லை எடுத்தார்கள். நாய் பிழைத்தது. என்னை வேலையை விட்டும் அனுப்பவில்லை. விலை கூடின தீனி நல்லதா, நாம் தின்பது நல்லதா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாய் தீனியை வெறுக்கவில்லை, சாரைத் தேடியிருக்கிறது. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. ஒரு வார்த்தை போனில் கேட்டிருக்கலாம்.

இப்போது சார் வெளியூர் போனால் நாயை டாக்டரம்மாவிடமே விட்டுவிட்டுப் போகிறார். அதுதான் சரி. கார் கிளம்பும்போது பின் கண்ணாடி வழியாக நாய் என்னைப் பார்த்துக்கொண்டே போகிறது. ஏன் தன்னை அனுப்புகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நான் கேட்டைச் சாத்துகிறேன்.