வெள்ளவத்தை வீட்டின் விலாசம்

கடந்த மாசியில் ஒன்பது நாள் லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். கடற்கரைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அணிவகுப்புக்கும் விழாவுக்குமே போதுமானதாக இருந்த ஒரு சின்ன இராணுவத்துக்குள், சிறு குழுவாகப் போய் அடித்துத் திரும்பும் விசேட படைப்பிரிவுகள் எப்படி முளைத்தன என்று தெரிந்துகொள்ளும் ஆசை. எல்.ஐ.சி. ஏஜென்டுக்கு எதற்கு இந்த வேலை என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மதுரையிலிருந்து விமானம் ஒரு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்கு நாற்பது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறினால் மூன்று மணி நேரம் ஆகும். கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் அறை கிடைத்தது. வீட்டுக்காரரை விஜயா அக்கா என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயது, ஓய்வுபெற்ற கிளார்க், தனியாக இருப்பவர். வாசலில் செருப்புப் பலகைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். சலவைக்குப் போகிற பை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நான்கு நாளும் ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைகள். எந்த வருஷம் எந்தப் பிரிவு, என்ன பயிற்சி, தொப்பியில் என்ன சின்னம் என்று நீல நோட்டு நிறைய எழுதினேன். முகாம்கள் இருந்த இடங்களைப் பென்சிலால் வரைபடமாகவும் போட்டேன். அக்கா தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். அன்று முதல் என் அறைக் கதவை அவரே சாத்திவிட்டுப் போக ஆரம்பித்தார். அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஐந்தாம் நாள் கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குக் கடலோரமாக ரயில், நாற்பது ரூபாய். அங்கிருந்து திரீவீல், நம் ஊர் ஆட்டோதான், அறுநூறு. ஓட்டுநர் மாளிகாவத்தைக்காரர், திரும்பும்வரை நிற்கிறேன் என்றார். நான் பார்க்கப் போனது போருக்கு முன்பே இராணுவத்தில் சேர்ந்து, அத்தகைய பயிற்சி ஒன்றை முடித்த தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவரை. ஒன்றையும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசச் சம்மதித்திருந்தார். நோட்டை அறையிலேயே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"அந்த நேரம் நான் தமிழன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல," என்றார். "பிறகு கேட்டவை. ரெண்டு பக்கமும் கேட்டவை."

வெளியே வந்து, இரண்டரை மணிக்கு மூலையிலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் நல்ல தமிழில் பேச்சுக் கொடுத்தார். இந்தியாவா, எங்கே தங்கல், என்ன வேலை? எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். யாராவது வீடு எங்கே என்று கேட்டால் தெரு, கேட்டின் நிறம், எத்தனையாவது மாடி என்று கூட்டிக்கொண்டு போய் விடாத குறையாகச் சொல்வோம். சொன்னேன். படைப்பிரிவுகளைப் பற்றி எழுதுவதையும் பெருமையாகச் சொன்னேன். எழுதியது எங்கே என்றார். ரூமில் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போனார்.

"ஏன் சேர், ஊட்டு அட்ரஸ் எல்லாம் சொன்னீங்க?" என்றார் கடை வாசலில் காத்திருந்த திரீவீல் ஓட்டுநர். "அந்தாள் டீ குடிக்க வந்த ஆளில்ல. கோப்பையத் தொடவே இல்லயே."

திரும்பிப் பார்த்தேன். கோப்பை அப்படியே ஆடை படிந்து இருந்தது. எனக்கு என்ன வந்தாலும் பாஸ்போர்ட் இருக்கிறது, விமானம் இருக்கிறது. அந்த வீட்டில் தனியாக இருப்பவருக்கு என்ன இருக்கிறது? உடனே அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினை மணிக்குச் சொன்னனீங்கள்?"

"இப்பத்தான் அக்கா. அரை மணி ஆகலை."

"கொப்பி எங்க?"

"நோட்டா? மேசை மேல."

"சரி. ஆறுதலா, அவசரப்படாம வாங்கோ." வைத்துவிட்டார்.

திரீவீலிலேயே வெள்ளவத்தைவரை வந்தேன். பதினொரு கிலோமீட்டர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், காலி வீதி என்கிற பிரதான சாலையின் நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம். பின்னால் வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் எனக்காகவே வருவதாகத் தோன்றியது. கதவைத் திறந்த அக்கா நல்ல சேலை கட்டி, தலை வாரி, தோளில் கைப்பை மாட்டியிருந்தார். கோயிலுக்கா என்று கேட்டேன்.

"இல்லை. விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனா வீட்டு உடுப்போட போகேலாது," என்றார். வாசல் பையின் வாய் திறந்திருந்தது; அது சலவைப் பை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மாற்றுத்துணி, பிரஷர் மாத்திரை, அடையாள அட்டையின் பிரதி. "கொப்பி கேட்டா ரயிலில விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்காதேங்கோ."

நாலே முக்காலுக்கு வந்தார்கள். கடையில் பார்த்தவரும், கூட ஓர் இளைஞரும். மரியாதையாகத்தான் பேசினார்கள். அக்கா சிங்களத்தில் பதில் சொன்னார், தேநீர் கொடுத்தார். நான் ரயிலில் விட்டதைச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அறையைப் பார்த்தார்கள். மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் இருந்தது. பிறகு கடையில் பார்த்தவர் கை கழுவ வேண்டும் என்று குளியலறைக்குள் போனார். அக்காவின் விரல்கள் கைப்பையின் வாரை இறுக்கிக்கொண்டன. தண்ணீர் விழும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு, இருபது நிமிஷத்தில் போய்விட்டார்கள்.

அக்கா குளியலறை வாளியில் சோப்பு நுரையோடு ஊறிக்கொண்டிருந்த தன் வீட்டு உடுப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் நீலக் கூழாக என் நோட்டு.

"எல்லாமே பேப்பரில வந்ததுதான் அக்கா," என்றேன். அழுகை வந்தது. நோட்டுக்காகவா, பயம் தெளிந்ததற்காகவா தெரியவில்லை.

"என்ர தம்பியைக் கொண்டுபோன நேரம் அவன்ர மேசையில எடுத்தது பஸ் ரூட் கீறின பேப்பர். புது வேலைக்குப் போக வழி தெரியாமக் கீறினவன்." கூழைப் பிழிந்து குப்பைப் பையில் போட்டார். "சோறு போடுறன், சாப்பிடுங்கோ. நாளைக்கு வேற இடம் பாருங்கோ. கோவிக்காதேங்கோ."

கோபம் எதற்கு? வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று பயிற்சி பெற்றவர்களைப் பற்றி நான்கு நாள் எழுதினேன். உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுற்றுலா விசாவில் போய் இராணுவத்தைப் பற்றி ஆட்களைப் பேட்டி காணாதீர்கள். முறையாக அனுமதி கேளுங்கள். கோட்டைக்கு ரயிலில் போவதானால் எட்டு மணிக்குள் ஏறாதீர்கள், நிற்க இடமிருக்காது. வெள்ளவத்தையில் அறைகள் நிறைய உண்டு, விசாரித்தால் கிடைக்கும். நான் தங்கிய வீடு எது என்று கேட்டு மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை ஒருமுறை சொன்னதே போதும்.