சவரி மாமாவைப் பார்க்க ஆவடியிலிருந்து காரில்

வியாழன், காலை 5.10. ஆவடியில் எங்கள் குடியிருப்பின் கேட்டைத் தாண்டும்போது கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வண்டி ஓட்டுவது நான். பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்தில் என் கணவர் அருளப்பன், அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வழியில் வரும் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே வருவார். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் பதினொரு பிழை ஆகியிருந்தது.

ஒவ்வொரு தை மாதமும் ஊருக்குப் போவது வழக்கம்தான், ஆனால் ரயிலில். இந்த முறை கார் எடுத்ததற்குக் காரணம் அவருடைய அண்ணன் சவரிமுத்து. திருக்காட்டுப்பள்ளியில் விவசாயம். எனக்கு அவர் சவரி மாமா. போன சித்திரையில் ஒரு நாள் அவர் போன் செய்து, "ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது. இனிமே அங்க என்ன இருக்கு? வீட்டுக்குப் பக்கத்து மனை சும்மாதான் கெடக்கு, கட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றார். இவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டு, வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டார். "சரி, சரி" என்று அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதோடு சரி. அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் அவர் மனைவி லூர்து அக்காதான் எடுப்பார். "வயலுக்குப் போயிருக்காங்க" என்பார். மாட்டைக் கட்டும் நேரத்தில் கூப்பிட்டாலும் வயல், மழை கொட்டும்போது கூப்பிட்டாலும் வயல்.

"நேர்ல போய்க் கேட்டுடலாம். கோவம்னா கோவம்னு சொல்லட்டும்" என்றார் இவர். ரயிலில் போனால் ஸ்டேஷனிலிருந்து அழைத்துப் போக அண்ணன்தான் வரவேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்தது நான். போனில் சொன்னது மட்டும்தான் அவர்.

காலை 11.20. சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம். டீ பதினைந்து ரூபாய். பாலத்துக்கு அப்பால் சாலையின் இரண்டு பக்கமும் சம்பா பழுத்து நின்றது. சில வயல்களில் கதிர் சாய்ந்து தரையோடு படுத்திருந்தது. மார்கழியில் காலம் தப்பிப் பெய்த மழை என்றார் டீக்கடைக்காரர். சீர்காழிக்குப் பிறகு சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். மற்ற பக்கத்தில் நானும் எதிரே வரும் பேருந்தும் முறை வைத்துப் போனோம்.

மதியம் 1.00. மயிலாடுதுறை. வண்டி மீட்டரில் 281 கிலோமீட்டர். இவருடைய தங்கை பிலோமினாவின் வீடு. சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல். அண்ணன் பேச்சை எடுத்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டயும் அப்படித்தான், அண்ணி. கிறிஸ்துமஸுக்கு வந்தாரு. சாப்பிட்டாரு. நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், இவரு மூஞ்சை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் என்ன தப்புப் பண்ணேன்? நீங்க கேக்கறப்ப எனக்கும் சேத்துக் கேளுங்க."

இவர் கொஞ்சம் தெம்பானார். கோபம் தன் ஒருவர் மேல் மட்டும் இல்லை என்பதில் அப்படி ஒரு நிம்மதி.

வெள்ளி, காலை 7.40. பிலோமினா கட்டிக்கொடுத்த இட்லியோடு கிளம்பினோம். கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை, அங்கிருந்து திருவையாறு. அங்கே கடைத்தெருவில் கால் கிலோ அசோகா அல்வா வாங்கினோம், நூறு ரூபாய். நெய் காகிதத்தைத் தாண்டி என் கைப்பையில் இறங்கிவிட்டது. கண்டியூரில் மேற்கே திரும்பினால் நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. ஒற்றைச் சாலை, இரு பக்கமும் வாழை. இவர் பலகை படிப்பதை நிறுத்திவிட்டார். நான்கு பிழைகளைப் பார்த்தும் பேசாமல் வந்தார்.

காலை 10.50. வீட்டில் லூர்து அக்கா மட்டும் இருந்தார். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்தது. "சொல்லாம வந்துட்டீங்களே தங்கச்சி" என்றார். "வயல்ல அறுப்பு. இருங்க, ஆள் அனுப்பறேன்."

"நாங்களே போறோம்" என்று இவர் நடந்துவிட்டார்.

வயலில் பெல்ட் வைத்த அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை மணிக்கு இரண்டாயிரத்து ஐநூறு. சவரி மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு நின்றார். இவர் வரப்பில் நின்று "அண்ணே!" என்றார். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். திரும்பவில்லை. இவருடைய முகத்தை நான் பார்த்தேன். எட்டொன்பது மாதமாகப் பயந்தது நடந்துவிட்டது என்ற முகம்.

அப்போதுதான் மிஷின் மாமா நின்ற பக்கமாகப் பின்னோக்கி வர ஆரம்பித்தது. ஹாரன் விடாமல் அடித்தது. மேலே இருந்த ஓட்டுநர், "பெருசு, நவுருங்க! நவுருங்க!" என்று கத்தினார். மாமா அசையவே இல்லை. குனிந்து ஒரு கதிரை எடுத்து நெல்லை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். வயது அறுபத்தொன்று. சேறு கணுக்கால் வரை ஏறியது. கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் வைக்கோல் மேல் உட்கார்ந்தோம். மிஷின் நாலடி தள்ளி நின்றது. ஓட்டுநர் எதையோ கத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாமா என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அட, ஸ்டெல்லா! எப்பம்மா வந்தீங்க? தம்பி எங்க?"

அந்தச் சிரிப்பில் கோபத்துக்கு இடமே இல்லை.

பின்னாலேயே ஓடிவந்த லூர்து அக்கா வரப்பிலேயே அழ ஆரம்பித்தார். "ஒரு வருசமாக் காது கேக்கல தங்கச்சி. இந்தப் பக்கம் சுத்தமாப் போச்சு, அந்தப் பக்கம் கொஞ்சூண்டு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. மாமனாரை ஊரே டமாரம் டமாரம்னு கூப்பிட்டுச்சாமே. எனக்கும் அந்தப் பேரு வேணாம்னுட்டாங்க."

என் மாமனாருக்கு நடுவயதிலேயே காது போய்விட்டது. அவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பட்டப்பெயரையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். இவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

மதியம் 12.30. வீட்டில் இவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, பிழை திருத்தும் அதே சிறிய எழுத்தில் எழுதி நீட்டினார்: "என் மேல் கோபமா?"

மாமா நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "கோவமா? எதுக்குடா?"

"வீடு கட்ட வேண்டாம் என்று சொன்னேனே" என்று இவர் எழுதினார்.

"வேணாம்னா சொன்னே?" மாமா இவரை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ என்னமோ சொன்னே. நீ வர்றேன்னு சொன்னதா நினைச்சுச் சரி, சரின்னு வச்சுட்டேன்." பிறகு எழுந்து என் கையைப் பிடித்தார். "வாங்க, காட்டறேன்."

பக்கத்து மனையில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தது. நாலு மூலையிலும் முளைக்குச்சி, சுற்றிக் கயிறு. "கிழக்குப் பாத்த வாசல். பின்னாடி அடி பம்பு போட்டாச்சு." முன்னால் மண் கொட்டாமல் சமமாக விட்டிருந்த இடத்தைக் காட்டினார். "இது ஸ்டெல்லாவுக்கு. இந்த ஊருப் பொண்ணுங்களுக்குக் கபடி சொல்லிக் குடுக்கட்டும். கோடு போட்டு அளந்துதான் விட்டிருக்கேன்."

என் கணவர் நோட்டைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். நான் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். அசோகாவைச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் டாக்டர் பேச்சை எடுத்தபோது மாமா காதே கொடுக்கவில்லை. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்." கடைசியில் இவர் எழுதினார்: "அப்பாவை நாம ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை, அண்ணே. சேர்ந்து சிரிச்சோம்." மாமா அதை இரண்டு முறை படித்தார். நோட்டை மூடித் தம்பியின் சட்டைப்பையில் வைத்தார். "காலைல எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.

சனி, காலை 8.15. நாங்கள் நான்கு பேரும் தஞ்சாவூருக்கு. மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு காது மருத்துவர். டோக்கன் பதினேழு. கண்ணாடி அறைக்குள் மாமாவை உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நாங்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் அது தொடை மேலேயே இருந்தது.

இடது காதில் இனிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, வலது காதில் மெஷின் வைத்தால் பேச்சு புரியும், முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பதினெட்டாயிரம் ரூபாய் மெஷின். மாட்டியதும் மாமா திடுக்கிட்டு மேலே பார்த்தார். மின்விசிறி. பிறகு லூர்து அக்கா எழுந்து நடந்தார். "ஏய், உன் செருப்பா இவ்ளோ சத்தம் போடுது?" என்றார் மாமா. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம் 1.40. திரும்பும் வழியில் கண்டியூரில் ஒரு டீக்கடை. அதற்கு மேல் ஒத்திப்போட முடியாது என்று தோன்றியது. இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மாமா! நாங்க இங்க குடி வரல! வேணாம்னு சொன்னது இவங்க இல்ல, நான்தான்! ஆவடில காலைல ஆறு மணிக்கு இருபது பொண்ணுங்க கபடி பழக எனக்காக மைதானத்துல நிப்பாங்க! அவங்களை விட்டுட்டு வர முடியாது!"

டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா காதைத் தொட்டுக்கொண்டார். "மெதுவாப் பேசும்மா. கேக்குது."

டீ ஆறி ஆடை கட்டும் வரை கிளாஸைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மெல்ல, "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றார்.

"எதுக்குடா மன்னிப்பு? மண்ணு கொட்டினது நானு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இருபது பொண்ணுங்களா?"

"இருபத்திரண்டு, மாமா. ரெண்டு பேரு இப்ப ஜுரத்துல இருக்காங்க."

"அப்ப வர முடியாதுதான்" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. வீடு போய்ச் சேரும் வரை வருத்தமாகத்தான் இருந்தார். அந்த வருத்தத்துக்கு நான்தான் காரணம். அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

ஞாயிறு, காலை 9.30. பூசைக்குப் போய்வந்து கிளம்பினோம். மாதா கோயிலில் முதல் வரிசையில் மெஷினோடு உட்கார்ந்திருந்தார் மாமா. பக்கத்தில் ஒருவர் "காதுல என்ன?" என்று கேட்க, "காது கேக்காது, அதான்" என்று சாதாரணமாகச் சொன்னார். காரின் பின்னால் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம், ஒரு வாழைத்தார். மனையில் கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. முளைக்குச்சிகளைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள்.

"மேட்டுல கத்தரி போடப் போறேன்" என்றார் மாமா, கார் ஜன்னலில் கை வைத்து. "முன்னாடி திடலு அப்படியே இருக்கட்டும். வீடு வேணாம், சரி. வருசா வருசம் அறுப்புக்கு வந்து பத்து நாள் இருக்கணும். வரலைன்னா அப்ப நிசமாவே கோவிச்சுக்குவேன்."

வருகிறோம் என்று சொன்னேன். மெதுவாகத்தான்.

ஆவடியில் ஊரை விட்டுப் போகிறோம் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கேட் காவலரிடம் சாவியைக் கொடுத்தால் போதும். இங்கே தெருமுனை திரும்பும் வரை கண்ணாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். லூர்து அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமா தலையைத் திருப்பி, வலது காதை அவர் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.