விக்கிரவாண்டியில் இறங்க மறந்த அக்கா

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் போகும் வண்டியில் நானும் என் மகளும் ஏறி உட்கார்ந்தோம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பதினொரு மணிக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நுழைவுத் தேர்வு. ஐந்தாம் வகுப்பில் சேர்ப்பதா, நாலாம் வகுப்பில் உட்கார வைப்பதா என்று பார்க்கத்தான் அந்தத் தேர்வு. அவளை ஒரு வருடம் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தவள் நான். அந்த வருடம் தோற்றுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, அந்தப் பள்ளிக்கு போன் செய்தவளும் நான்தான்.

விழுப்புரத்தில் பள்ளிக்கூடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் ஒன்றில் நானே எட்டு வருடம் டீச்சராக இருந்தேன். "உங்க முறையெல்லாம் வேண்டாம், என் பிள்ளையை நானே படிக்க வெச்சிக்கிறேன்" என்று வீறாப்பாக டி.சி. வாங்கிக்கொண்டு வந்த இடத்துக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பப் போவது? என் கணவருக்குத் திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. தினமும் எங்கள் ஊரான வளவனூரிலிருந்து பைக்கில் போய் வருகிறார். சீட் கிடைத்தால் அங்கேயே வீடு பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். தோற்பதுதான் தோற்கிறோம், தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் தோற்போமே என்பது என் கணக்கு.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் திருச்சபைக்கு பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பிள்ளைகள் மூவரும் வீட்டிலேயே படிப்பவர்கள். பாடப்புத்தகம் கிடையாது. ஒரு விஷயத்தை நேசித்து ஒருவர் எழுதிய நல்ல புத்தகத்தை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பார்கள். அதை 'உயிருள்ள புத்தகம்' என்றார் அந்த வீட்டு அம்மா. ஒரு பகுதியை ஒரே ஒரு தடவைதான் வாசிக்க வேண்டும். பிறகு பிள்ளை அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி இல்லை, பதில் இல்லை, மனப்பாடம் இல்லை. சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

எனக்குச் சிலிர்த்துப்போனது. அப்போது என் மகள் தேர்வு நாள் காலையில் எல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கர்த்தரே வழி காட்டிவிட்டார் என்று நினைத்தேன். என் கணவர் யோசித்துவிட்டு, "ஒரு வருஷம் பாப்போம். சரிப்படலன்னா ஸ்கூலு எங்கியும் ஓடிடாது" என்றார். அந்த விதிகளை ஒரு புது நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, கடைசி விதிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. காலையில் ஒரு பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். பிறகு இருபது இருபது நிமிடமாகப் பாடங்கள். சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போய், பார்த்த பறவையை, பூவை நோட்டில் வரைவோம். அவள் வரைந்த முதல் நாரை பெட்ரோல் பங்க்கில் நிற்கும் ஆள் மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது. வாந்தி நின்றுவிட்டது. முகத்தில் சதை போட்டது. என் நாத்தனார் மட்டும் வரும்போதெல்லாம், "புள்ளைய ஊட்லயே வெச்சிக்கினு இன்னா பண்ற அண்ணி, அது கலெக்டராவறதா இல்ல கோழி மேய்க்கறதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

சிக்கல் திருப்பிச் சொல்வதில் வந்தது. நான் வாசித்து முடித்து, "ம், சொல்லு" என்பேன். அவள் ஆரம்பிப்பாள். இரண்டாவது வரியில் எனக்கு நாக்கு அரிக்கும். "அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சே?" "அந்த ஊர் பேர் என்ன?" "அது ஆறு இல்லடா, ஓடை." எட்டு வருட டீச்சர் உத்தியோகம் சும்மா விடுமா? விதியை நோட்டில் எழுதியவளுக்கு அதை மீறுகிறோம் என்பதே தெரியவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் சொல்வது மூன்று வரியாகச் சுருங்கியது. பிப்ரவரியில் ஒரே பதில்தான்: "ஞாபகம் இல்லம்மா." எதைக் கேட்டாலும் அதே பதில், தரையைப் பார்த்துக்கொண்டு. ஒரு நாள் கோபத்தில் புத்தகத்தை டப்பென்று மூடினேன். அவள் அழுதாள். அவள் தூங்கிய பிறகு நானும் அழுதேன். இந்தக் குழந்தையின் ஒரு வருடத்தைப் பாழாக்கிவிட்டேனே என்ற பயம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் ஏறவில்லை, நான் வாசித்ததெல்லாம் காற்றில் போய்விட்டது என்று முழுமனதாக நம்பினேன். அப்படித்தான் அந்தப் பேருந்தில் வந்து உட்கார்ந்தேன்.

மூன்று பேர் உட்காரும் சீட். மகள் ஜன்னலோரம் வேண்டும் என்று அடம் பிடிப்பாள், அன்றைக்கு அதுவும் இல்லை, நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தில் ஒரு அக்கா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கோலியனூர் பக்கம் கழனி வேலை செய்கிறவர், விக்கிரவாண்டியில் அண்ணன் வீட்டுக்கு ஆடு பிடிக்கப் போகிறார் என்பதெல்லாம் வண்டி கிளம்புவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் சொருகியிருந்த பொட்டலத்தை அவிழ்த்து, வேகவைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மகள் கையில் ஒரு பிடி கொட்டினார். பிறகு அவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் பனி மலையும் பொதி சுமக்கும் ஒரு பிராணியும் இருக்கும்.

"இன்னா பாப்பா இது, கழுதையா? கழுதைக்கெல்லாமா பொஸ்தகம் போடறாங்க?"

"கதை புக்கு அத்தை."

"இன்னா கத? எனக்குப் படிக்கத் தெரியாது, நீ சொல்லு."

அது மூன்று மாதத்துக்கு முன்பு நான் வாசித்த புத்தகம். எதைக் கேட்டாலும் "ஞாபகம் இல்லம்மா" என்று அவள் அழுதாளே, அதேதான். பிள்ளை அவமானப்படப் போகிறதே என்று நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் அவள் மல்லாட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு மலையூர்ல போஸ்ட்மேன் ஒருத்தர் இருந்தாரு. அவருகிட்ட ஒரு கழுத. அது கழுத்துல மணி. ஒரு நாளு மலைக்கு அந்தாண்ட ஒரு குழந்தைக்கு மருந்து எடுத்துக்கினு போவணும். ஒரே பனி. பனின்னா நம்ம மார்கழி பனி இல்ல அத்தை, ஃபிரிட்ஜுல மேல் தட்டுல சொரண்டுவோம்ல, அது ஊரு பூரா கொட்டிக் கெடக்கும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கழுதை இல்லடா, கோவேறு கழுதை" என்றேன்.

அந்த அக்கா கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். "எந்தக் கழுதையா இருந்தா இன்னாம்மா? நீ சும்மா இரு, அது சொல்லட்டும்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து சீட்டில் யாரோ சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். அந்த வருடத்திலேயே முதல் தடவையாக மூடினேன்.

மகள் மேலே போனாள். பாலத்துக்கு முன்னால் அந்தப் பிராணி நின்றுவிட்டது. போஸ்ட்மேன் இழுத்தார், தள்ளினார், கெஞ்சினார், கடைசியில் குச்சியால் அடித்தார். "அடிக்காதடா பாவி" என்றார் அக்கா, கதைக்குள் இருந்த ஆளைப் பார்த்து. "எங்க ஊட்டு மாடும் இப்டித்தான். நின்னுச்சின்னா அங்க எதுனா இருக்கும்."

"ஆமா அத்தை! எங்க சர்ச்சுல கூட ஒரு கழுத கதை சொன்னாங்க. வழியில தேவதூதன் நிக்கறது கழுதைக்குத் தெரியும், மேல உக்காந்து இருக்கற ஆளுக்குத் தெரியாது. அதே மாதிரிதான் இதுவும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கதைகளையும் நான் ஒரு நாளும் சேர்த்துச் சொன்னதில்லை. எனக்கே தோன்றியதில்லை. எப்போது, எங்கே உட்கார்ந்து அவள் இதை யோசித்தாள்?

போஸ்ட்மேன் கோபத்தில் தனியாகப் பாலத்தில் கால் வைத்தார். பனிக்கு அடியில் பலகையே இல்லை. பொத்தென்று உள்ளே போனார். கையில் இருந்த கயிறு மட்டும்தான் மிச்சம், அதன் மறுமுனை கோவேறு கழுதையின் கழுத்தில். இந்த இடத்தில் நடத்துநர் "விக்கிரவாண்டி, விக்கிரவாண்டி" என்று கத்தினார். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அக்கா அசையவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. டோல்கேட்டில் வண்டி நின்றபோதுதான் நடத்துநர் அவரைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, விக்கிரவாண்டி டிக்கெட்டு நீதானே? உக்காந்துக்கினு கீற? எறங்கு எறங்கு, இப்டியே நடந்து போயிடு."

"இரு சார், அந்த ஆளு கயித்தப் புடிச்சிக்கினு தொங்கிக்கினு கீறாரு. இப்பப் போயி எறங்க சொல்றியே!"

"எந்த ஆளு?" என்று நடத்துநர் பதறிப்போய் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்து, "சரி, கூட்டேரிப்பட்டுல எறங்கி எதுத்தாப்ல பஸ்ஸு புடிச்சிக்கோ" என்றார். சொல்லிவிட்டு அங்கிருந்து போகவில்லை. கம்பியில் சாய்ந்துகொண்டு, "அப்புறம் இன்னாமா ஆச்சி?" என்று என் மகளைக் கேட்டார்.

கோவேறு கழுதை ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து அவரை இழுத்துக் கரை சேர்த்ததையும், இரண்டு பேரும் மலையைச் சுற்றி நடந்து விடியும்போது மருந்தைக் கொண்டு சேர்த்ததையும் அவள் சொன்னாள். பனியில் மணிச் சத்தம் எப்படிக் கேட்டது என்று கூடச் சொன்னாள். "அதுக்கப்புறம் அவரு எங்க போனாலும் அதைத்தான் மொதல்ல நடக்க விடுவாரு" என்று முடித்தபோது, அக்கா ஒரு பெருமூச்சு விட்டு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

வருடம் முழுக்க இந்தக் கேள்விக்கு நான் மென்று முழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு, "ஸ்கூல் இல்லைங்க, வீட்லதான் படிக்குது" என்று வாய் தானாகச் சொன்னது.

"அப்டியா! யாரு சொல்லிக் குடுக்கறது?"

"நான்தாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? பொறவு எதுக்கும்மா குறுக்க குறுக்கப் பேசிக்கினு வந்த?"

கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. மிச்ச மல்லாட்டையை மகள் மடியில் கொட்டிவிட்டு இறங்கிப் போனார். அசடு வழிய உட்கார்ந்திருந்த நான் மகளிடம் மெதுவாகக் கேட்டேன், "வீட்ல கேட்டப்ப ஞாபகம் இல்லன்னியே?"

"நீதானேம்மா படிச்ச? உனக்குத் தெரிஞ்சதை உன்கிட்டயே எதுக்குச் சொல்லணும்? அந்த அத்தைக்கு நிஜமாவே தெரியாது." அடுத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள். "நீ தெரிஞ்சிக்கறதுக்குக் கேக்க மாட்ட. தப்பு கண்டுபிடிக்கறதுக்குக் கேப்ப."

திண்டிவனம் வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணீர் வந்தது. ஆனால் அது துக்கம் இல்லை. போய்விட்டது என்று நான் நினைத்த ஒரு வருடம், சிந்தாமல் சிதறாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மல்லாட்டை தின்றுகொண்டிருந்தது.

பேருந்து நிலையத்தில் என் கணவர் பைக்கோடு நின்றிருந்தார். "டெஸ்ட் வேண்டாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நேத்து ராத்திரி வரைக்கும் போயே ஆவணும்னு குதிச்ச? சரி, படிக்கப் போறது அவ. நீ இன்னாமா சொல்ற?"

"வீட்லயே படிக்கிறேன்பா. ஆனா அம்மா நடுவுல கேள்வி கேக்கக் கூடாது."

அவர் சிரித்த சிரிப்பில் ஜூஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மரியாதைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு, மூவரும் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

இப்போது இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் வாசித்ததை அவள் என்னிடம் சொல்வதில்லை. சாயங்காலம் அவள் அப்பா வந்து கை கால் கழுவியதும் அவரிடம் சொல்கிறாள். அவர் எந்தப் புத்தகத்தையும் படிக்காதவர், அதனால் அவர் கேட்பதெல்லாம் நிஜமான கேள்வி. நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஆற்றை ஓடை என்பாள், ஓடையை ஆறு என்பாள். பல்லைக் கடித்துக்கொள்வேன். நாத்தனார் போன வாரம் வந்தபோது கோழி மேய்ப்பதைப் பற்றி ஆரம்பித்தாள். மகள் ஏதோ கப்பல் கதையை எடுத்துவிட, நாத்தனார் ராத்திரி ஒன்பது மணி வரை எழுந்து போகவே இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பு அவள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைத் தானே எடுத்து, தானே வாசித்தாள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் சமையலறைக்கு வந்து, "அம்மா, உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவளாக வந்து கேட்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. எனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒரு கதையை என் மகளின் வாயால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பிள்ளைக்கு நான் கொடுக்கக்கூடியதில் என் அறிவு ரொம்பச் சின்னது, என் காதுதான் பெரியது என்பது நன்றாக விளங்கியது.