சுவரில் வெட்டப்பட்ட படம்

கர்நாடக மலைப்பக்கம் இருக்கும் மார்டள்ளியில் எங்கள் வரப்பில் சந்தனக் கன்று முளைத்தால் அப்பா உடனே பிடுங்கி எறிந்துவிடுவார். நம் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்கார் மரம் என்ற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் வரலாறு படிக்கப் போனேன். அதுவே பிழைப்பாகவும் ஆனது. வெள்ளைக்காரன் காலத்துச் சந்தன வியாபாரம் என் ஆராய்ச்சி. மரத்தை வெட்டியவர்கள், மலையிலிருந்து தோளில் சுமந்து இறக்கியவர்கள், வீட்டில் ஒரு கட்டை வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போனவர்கள். மைசூரில் என்னோடு வேலை பார்த்த பேராசிரியர்கள், "அரண்மனையைப் பத்தி எழுதுங்க மேடம், புக் ஓடும்" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன் மைசூர் ஹெப்பாளில் ஊதுபத்தி செய்யும் கம்பெனி ஒன்று, தன் பார்வையாளர் கூடத்துக்குச் சந்தனத்தின் கதையை எழுதித் தரச் சொன்னது. எழுதினேன். நான் தேடிக் கண்டெடுத்த பழைய புகைப்படம் ஒன்றையும் கொடுத்தேன். நடுவில் நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. இரண்டு பக்கமும் கட்டைகளைச் சுமந்தபடி வெறுங்காலோடு ஆட்கள்.

திறப்பு விழா அன்று போய்ப் பார்த்தால் சுவரில் அதிகாரி மட்டும் உட்கார்ந்திருந்தார். ஆட்களை வெட்டி எறிந்திருந்தார்கள். கீழே, அவருடைய தொலைநோக்கால் காடு பிழைத்தது, வியாபாரம் தழைத்தது என்று நாலு வரி. அதற்கும் கீழே என் பெயர்.

மேலாளரைக் கூப்பிட்டேன். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்தான்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"விசிட்டர்ஸ் வர்ற இடம் மேடம். ஜெயில், அடி, அதெல்லாம் எதுக்கு? சும்மனே பிராப்ளம்."

"அப்ப என் பேரை எடுங்க."

"ஃபங்ஷன் முடியட்டும் மேடம், பார்க்கலாம்."

மேடையில் என்னை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். "இந்தச் சுவரில் இருப்பது நான் எழுதியதில்லை. அந்தப் படத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்" என்று ஆரம்பித்ததுமே மைக்கை நிறுத்திவிட்டார்கள். காலமெல்லாம் வகுப்பெடுத்த தொண்டை இது. அவர்கள் யார், என்ன சுமந்தார்கள், என்ன பாடுபட்டார்கள் என்று முழுவதையும் சொல்லிவிட்டே இறங்கினேன். ஒருவரும் கைதட்டவில்லை. விருந்தினர்கள் காபி பக்கம் நகர்ந்தார்கள்.

வாசலில், பாக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி பின்னாலேயே வந்தாள். "அக்கா, அந்தப் படம் முழுசா உங்ககிட்ட இருக்குதுங்களா?"

போனில் காட்டினேன். பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எங்கூரு ஆளுங்க மாதிரியே இருக்காங்க. இவங்களை எதுக்குங்க வெட்டுனாங்க?"

படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் என் பெயரின்மேல் மட்டும் வெள்ளை அடித்தார்கள். அதிகாரி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்து காட்டுகிறார்களாம். விட்டுத் தொலையுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். எப்படி விடுவது? கன்னடத்திலும் தமிழிலும் முழுப் படத்தோடு கட்டுரை எழுதிவிட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.