கொழும்பிலிருந்து வந்த முகக்கிரீம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் கல்முனைப் பக்கத்துப் பெண்கள் முகத்துக்குப் பூசியதெல்லாம் மஞ்சளும் சந்தனமும்தான். நெல் லொறியோடு கொழும்புக்குப் போய்வந்த என் கணவர் ஒருநாள் வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றை என் கையில் தந்தார். உள்ளே வெண்ணெய் போலக் கிரீம். கூடவே ஒரு தாள். அதில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள்: ஒன்றில் முகமெல்லாம் சுருக்கம், மற்றதில் வழவழப்பு. எனக்கு அதை வாசித்துக் காட்ட ஆள் தேவைப்படவில்லை.

"என்ட மொகத்துக்கு என்ன வந்த?" என்று கேட்டேன்.

"சும்மாதான் புள்ள. ராவையில பூசிட்டுப் படுத்தாச் சுருக்கம் போகுமாம்."

என் வாய் சும்மா இருக்குமா? "சுருக்கமில்லாத மொகம் வேணுமெண்டா வேற எடத்துல பாருங்க" என்று சொல்லி, போத்தலை அலுமாரியின் அடித்தட்டில் தள்ளினேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றோடு என் நிம்மதி போயிற்று. நாலு பிள்ளை பெற்று, வயலுக்குச் சோறு சுமந்து வெயிலில் காய்ந்த முகம் இது. ஆண்கள் இன்னொரு நிக்காஹ் செய்வதும் ஊரில் நடக்காத காரியமல்ல. எனக்கு மூத்தவள் ராத்தாவிடம் போய் அழுதேன்.

"ஊடு வளவு உன்ட பேர்ல. அவர் போனா உடுப்புப் பொட்டியத் தூக்கிட்டுப் போகட்டும். உனக்கென்ன பயம்?" என்றாள் ராத்தா.

மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருக்கும் ஊரில் அது சரியான பேச்சுத்தான். ஆனால் எனக்கு அந்த மனிதர் வேண்டும். வெறும் வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைசியில் என் வீம்பு தோற்றது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, பூசித்தான் பார்ப்போமே என்று போத்தலைத் திறந்தேன். பாதியைக் காணவில்லை! தடித்த விரல் தோண்டிய பள்ளம் நடுவில் தெரிந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் என் கையில் இருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஆரு இதப் பூசின?"

"நான்தான்" என்று கட்டிலில் உட்கார்ந்தார். "மட்டக்களப்புல சீல எடுக்கப் போனமே. உன்னக் காட்டி, மகளுக்கு இந்த நெறம் நல்லா இரிக்கி எண்டு கடைக்காரன் என்னட்டச் சொன்னான். நீயும் சிரிச்ச. எனக்கு அண்டைக்குச் சோறு எறங்கல்ல. கொழும்புல எனக்கெண்டு கேக்க வெக்கம். உனக்கெண்டு வாங்கின."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அவர்மீது அப்படி ஒரு அன்பு வந்தது. "தெரியாம பூசினா இப்பிடித்தான், புருவத்துல எல்லாம் ஒட்டும். இரிங்க" என்று கிரீமைத் தொட்டு நானே அவர் நெற்றியில் தேய்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

என்னைவிட அவர் பதினைந்து வயது மூத்தவர். கல்யாணத்தின்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது விரலுக்குக் கீழே அந்த வயது ஆழ ஆழமாக ஓடியது. கண்ணோரத்துத் தோல் தொட்ட பக்கமெல்லாம் இழுபட்டது. இவரை என்னிடமிருந்து கொண்டுபோக இன்னொருத்தி வரத் தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போதும் புள்ள, ஜும்ஆவுக்கு நேரமாகுது" என்றார்.

நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் அள்ளிப் பூசினேன்.