ஒரே ஒரு பட்டன்

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் அண்ணி. முன்னால் இருப்பவர் மடிக்கணினியில் மவுஸை எங்கே கொண்டுபோகிறார் என்பதை மட்டும் கவனிக்கிறார். கைகளைச் சும்மா விட்டால் அவை தாமாகவே திரையைச் சுட்டிக் காட்டிவிடுமாம். “நான் வாயத் தொறந்தா என் வெப் பக்கம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம்” என்பார். அந்த மனிதர் பச்சை பட்டனை அமுக்கியதும் சோதனை முடிந்தது. அண்ணி எழுந்து நன்றி சொல்லி, கைகளை உதறி ரத்த ஓட்டத்தை வரவழைத்துக்கொள்வார்.

மென்பொருளை மக்கள் இறக்கிக்கொள்ளும் இணையப் பக்கத்தை வடிவமைப்பது அண்ணியின் வேலை. அதில் வடிவமைக்க என்ன இருக்கிறது என்று, ஊர் திரும்பிய முதல் வாரத்தில் கேட்டேன். “நாலு வருஷமா உலகத்தச் சுத்துனியே, எத்தன ஸ்டேஷன்ல தப்பான வாசல் வழியா வெளிய வந்த?” என்றார். எண்ணிப் பார்த்தேன், பத்து விரல் போதவில்லை.

வீட்டு டிவி ரிமோட்டில் நான்கு பட்டன்களைத் தவிர மற்றதெல்லாம் டேப்புக்கு அடியில். கடைக்குப் போனால் வாசலில் நின்று, இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். பை நிரம்புவதற்குள் கடை மூடிவிடும். “எங்கூட சண்ட போடறதுக்கும் ஒரு பட்டன் வெச்சுட்டா உங்க அண்ணிக்கு நிம்மதி” என்பான் அண்ணன். “வெச்சிருக்கேன். நீங்கதான் அமுக்கிட்டே இருக்கீங்க” என்பார் அண்ணி.

எட்டு மாதமாக அண்ணி செதுக்கிய பக்கம் ஒன்று. தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குரலை இழந்தவர்கள், தாங்கள் தட்டச்சு செய்வதைக் கணினியைக் கொண்டு பேச வைக்கும் இலவச மென்பொருளுக்கானது. வெள்ளைப் பரப்பு, நடுவில் பச்சை பட்டன், கீழே ‘உதவிக்கு அழையுங்கள்’ என்று ஒரு தொலைபேசி எண். “ஒரு பட்டன், ஒரு நம்பர். இதுக்கு மேல ஒரு எழுத்து வெச்சாலும் கண்ணு ஓடிப்போயிடும்.” என்னையும் பலமுறை உட்காரவைத்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். முதல் மாதத்தில் நாற்பதாயிரம் டவுன்லோட். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

போன வாரம் பயனர் ஒருவரின் வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் வெள்ளைத் துணி. சட்டைப் பையில் சின்ன நோட்டும் பென்சிலும். கணினி இருந்த மேசையில் மாத்திரை டப்பாவும் மூக்குக் கண்ணாடியும் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன.

“நேத்து வரைக்கும் நாள் முழுக்க அதத்தாம்மா அமுக்குனாரு. ஒண்ணும் வர மாட்டேங்குது” என்றார் அவர் மனைவி.

அண்ணி வழக்கம்போல அவர் பின்னால் உட்கார்ந்து கைகளை அடியில் கொடுத்துக்கொண்டார். அவர் பட்டனை அமுக்கினார். திரையின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி மின்னி மறைந்தது. அவ்வளவுதான். நன்றி சொல்ல எழப்போன அண்ணி அப்படியே நின்றுவிட்டார். டிரைவர் சிக்னலில் காத்திருப்பவரைப்போல முதுகை நிமிர்த்திக் காத்திருந்தார். பிறகு மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

அண்ணி எட்டி மவுஸை வாங்கி, இறங்கிய ஃபைல்கள் சேரும் ஃபோல்டரைத் திறந்தார். ஒரே ஃபைல். பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். உருட்ட உருட்டப் பட்டியல் முடியவில்லை. இருநூற்றுப் பதினான்கு.

“அப்போ அந்த நாப்பதாயிரம்…” என்றேன். அண்ணி டிரைவர் பக்கம் திரும்பினார்.

“இறங்குன ஃபைல இங்க வந்து தொறக்கணும் ஐயா. புரியலன்னா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே! நம்பர் கீழயே இருக்கே!”

டிரைவர் திரையில் இருந்த அந்த எண்ணின்மேல் ஒரு விரலை வைத்தார். அதே விரலைத் தன் கழுத்துத் துணியின்மேல் வைத்தார்.

அண்ணியின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். எட்டு மாதம். அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். அப்புறம் நான். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“நான் பேசுறேன்னு சொன்னேம்மா” என்றார் மனைவி. “எல்லாத்துக்கும் நீயே பேசாதன்னு எழுதிக் காட்டிச் சண்டைக்கு வந்துட்டாரு.” சொல்லிவிட்டு, எங்களுக்குக் குடிக்க ஏதாவது எடுத்துவர உள்ளே போனார்.

அண்ணி ஃபைலைத் திறந்து இன்ஸ்டால் செய்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. டிரைவர் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். கணினி ஏற்ற இறக்கம் இல்லாமல், உரக்கச் சொன்னது: “இங்க வா.”

“யாருங்க வந்திருக்கறது?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

டிரைவரின் தோள்கள் குலுங்கின. சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை, சத்தம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில் நோட்டை எடுத்து எழுதி அண்ணியிடம் நீட்டினார்.

‘தப்பு உங்க மேல இல்லம்மா. நான் அவ்வளவா படிக்காதவன். எனக்குத்தான் வரலன்னு நேத்தோட விட்டுட்டேன்.’

அண்ணி அதைப் படித்தார். டிரைவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, அந்த வரிகளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு அதன்மேலேயே இன்னொன்று, இன்னொன்று, தாள் கிழிகிறவரை.